மச்சானின் கொடியை நான் துவைத்த கதை

துணியில் கறையைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் வேட்டியில் ரசம் சிந்தினால், அவர் ஐயையோ என்பதற்குள் நான் எலுமிச்சம்பழம் தேடிக் கிளம்பியிருப்பேன். (அவர் கேட்டாரா? கேட்கவில்லை. நல்லது செய்கிறவன் கேட்டுக்கொண்டா செய்வான்?) இந்த வியாதிக்குக் காரணம் என் தொழில். திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் லேபில் வேலை. வெளிநாட்டிலிருந்து வரும் துண்டுத் துணியைப் பார்த்து, அதே நிறத்தைப் பனியன் துணியில் கொண்டுவர வேண்டும். வந்த நிறம் துவைத்தால் போகிறதா, வியர்வையில் இறங்குகிறதா என்று சோதித்துச் சொல்ல வேண்டும். எந்தத் துணியையும் தண்ணீரில் போடும் முன் ஓரத்தில் நனைத்துப் பார் என்று அடுத்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கியவன் நான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

என் அக்கா சரசுவை வெள்ளகோவில் பக்கம் ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். மச்சான் ராணுவத்தில் நாயக். வருஷத்துக்கு ஒரு மாதம் லீவில் வருவார். வந்தால் என்னை "மாப்ள, இந்தச் சட்டைல கிரீஸ் பட்டிருச்சு, உன்ற வித்தையக் காட்டு" என்று வம்புக்கு இழுப்பார். என் திறமையை நம்பிய ஒரே ஆள் அவர்தான்.

ஒரு மார்கழியில் எல்லைப் பக்கம் பனி சரிந்து அவரும் இன்னும் சிலரும் அதற்குள் போய்விட்டார்கள். தோண்டி எடுக்க ஆறு நாள் ஆயிற்று. பெட்டியில் வைத்து மூடி ஊருக்குக் கொண்டுவந்தார்கள். உடன் வந்த அதிகாரி என் அப்பாவைத் தனியே கூப்பிட்டு, பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஏன் என்று அப்பா கேட்கவில்லை. ஆக, அன்றைக்கு வாசலில் கூடிய சனம் அழுததெல்லாம் ஒரு பெட்டியையும் அதன்மேல் விரித்திருந்த தேசியக் கொடியையும் பார்த்துத்தான். அக்காவின் மகள் யாழினிக்கு அப்போது மூன்று வயது.

அந்த நேரத்தில் நான் எங்கே இருந்தேன் என்று கேட்பீர்கள். ரோட்டில், ஒரு டி.வி. கேமராவுக்கு முன்னால் இருந்தேன். கொடியைப் பெட்டியில் எப்படிப் போர்த்துகிறார்கள் என்று நிருபர் யாரிடமோ கேட்க, என்னை யாரும் கேட்காமலே நான் முன்னே போய், "காவி நிறம் தலைமாட்டுல வரோணுங்க. எரியூட்டறதுக்கு முந்தி கொடிய எடுத்து மடிச்சுருவாங்க, நெருப்புல போகக் கூடாதுங்க" என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அரைமணி நேரத்துக்கு முன்னால் ஒரு சிப்பாயிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட விஷயம் அது. சொந்த மச்சானின் சாவில் நான் கொடி நிபுணன் ஆனேன். இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

சொன்னபடியே கொடியை எடுத்து மடித்து அக்காவின் கையில் கொடுத்தார்கள். அக்கா அதை மச்சானின் கல்யாண வேட்டி ஒன்றில் சுற்றி பீரோவில் வைத்துப் பூட்டினாள். 

அடுத்த ஆகஸ்ட் நெருங்கியபோது, மச்சான் படித்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சுதந்திர தினத்தன்று அவர் படத்தைத் திறக்க முடிவு செய்தார்கள். படத்துக்குக் கீழே, பெட்டியில் போர்த்திய அந்தக் கொடியைக் கண்ணாடிக்குள் வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று பெரிய டீச்சர் கேட்டார். அக்கா ஒரு நாள் யோசித்து, சரி என்றாள். பெரிய டீச்சர் என்னையும் விடவில்லை.

"ஏனுங்க தம்பி, டி.வி.ல நீங்கதான கொடியப் பத்திச் சொன்னீங்க? நம்ம பசங்களுக்கும் அதோட வரலாறு, நெறத்துக்கெல்லாம் என்ன அர்த்தம்னு ஒரு பத்து நிமிசம் பேசிருங்க."

பேசச் சொன்னால் போதாதா? வாடகை நூலகம் முதல் இணையம் வரை புரட்டினேன். முதலில் கொடியின் நடுவில் ராட்டை இருந்தது, சுதந்திரத்துக்குச் சில நாள் முன்பு அதை எடுத்துவிட்டு அசோகச் சக்கரத்தை வைத்தார்கள், சக்கரத்துக்கு இருபத்து நான்கு ஆரம், நீளம் மூன்று பங்கு என்றால் உயரம் இரண்டு பங்கு, கைத்தறிக் கதரில்தான் செய்ய வேண்டும் (இப்போது பாலியஸ்டரும் வந்துவிட்டது, அப்போது கிடையாது) என்று இருபது பக்கம் குறிப்பு எடுத்தேன். காவி தியாகத்துக்கும் துணிவுக்கும். வெள்ளை உண்மைக்கு. பச்சை செழிப்புக்கு. குளிக்கும்போது கூடச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

கண்ணாடிப் பெட்டி செய்ய வைக்கும் வேலையும் என் தலையில்தான். கோயமுத்தூர் கோட்டைமேட்டில் இப்ராகிம் பாய் என்று ஒருவர் தேக்குச் சட்டம் போடுவதில் கெட்டிக்காரர் என்றார்கள். அளவு எடுக்கக் கொடி வேண்டுமே. அக்கா பீரோவைத் திறந்து, வேட்டியோடு சேர்த்து என் கையில் கொடுத்தாள்.

"பத்தரமா கொண்டு போ கண்ணு. எப்புடிக் குடுக்கறனோ அப்புடியே கொண்டாந்துரு."

"அக்கா, நீங்க கவலையே படாதீங்க" என்றேன். துணியைப் பற்றி என்னிடமா சொல்வது?

இப்ராகிம் பாய் கடையில் மேஜையைத் துடைத்து, மேலே ஒரு வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் கொடியை விரிக்கச் சொன்னார். அப்போதுதான் நானும் அதை முழுதாகப் பார்க்கிறேன். நடு வெள்ளையில், சக்கரத்துக்குச் சற்றுத் தள்ளி, பழுப்பாக ஒரு கறை. சின்னது. எனக்குக் கை அரித்தது. அதை மறைக்க, நிறங்களின் வரலாற்றைப் பாயிடம் எடுத்துவிட்டேன். ஆரம்பத்தில் ஒவ்வொரு நிறத்தையும் ஒவ்வொரு சமயத்துக்கு என்று சொன்னார்கள், பிறகு அது சரியில்லை, நிறங்கள் குணங்களுக்கு என்று மாற்றிச் சொன்னார்கள் என்றெல்லாம் அளந்தேன். அவர் அளவு நாடாவைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டார்.

"அதெல்லாஞ் சரிங்க தம்பி. இது என்னங்க, சின்னக் கை மாதிரி இருக்குது?"

"கறைங்க பாய். சாக்லேட்டாட்ட இருக்குது. எடுத்துப்போடலாம், அது நம்ம தொழில்தான்."

"எடுக்கோணும்னு ஊட்ல சொன்னாங்களா?"

"சொல்லோணுமாங்க? பள்ளிக்கூடத்துல வெக்கறது, கறையோட வெக்க முடியுங்களா?"

அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். "எதுக்கும் கேட்டுக்கங்க" என்றார். பத்து நாளில் பெட்டி தயாராகிவிடும், கொடியை அப்புறம் கொண்டுவந்தால் போதும் என்று திருப்பிக் கொடுத்தார். மரச்சட்டம் போடுகிறவருக்குத் துணியைப் பற்றி என்ன தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பட்டறை விடுமுறை. காவலாளியிடம் சாவி வாங்கி, மத்தியானம் லேபைத் திறந்தேன். சாக்லேட் கறைக்கு மருந்து எனக்கு அத்துப்படி. சுடுதண்ணீர், சோப்பு, கொஞ்சம் சோடா, கொஞ்சம் பெராக்சைடு. ஓரத்தில் நனைத்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு கணம் தோன்றியது, சத்தியமாகத் தோன்றியது. ஆனால் அரசாங்கக் கொடி, ராணுவக் கொடி, சாயம் கெட்டியாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டு, முழுக் கொடியையும் தொட்டியில் இறக்கினேன்.

முதல் நிமிடம் ஒன்றும் ஆகவில்லை. கறை கரைய ஆரம்பித்தது. விசில் அடித்தேன். இரண்டாம் நிமிடம் தண்ணீர் லேசாக ஆரஞ்சாகத் தெரிந்தது. மூன்றாம் நிமிடம் பச்சையும் சேர்ந்துகொண்டது. அடுத்து நான் செய்ததை எந்த லேப் ஆளிடம் சொன்னாலும் காறித் துப்புவான். பதறிப்போய் துணியைத் தூக்கிப் பிழிந்தேன். பிழிந்ததும் காவியும் பச்சையும் நடு வெள்ளைக்கு நேராக ஓடி வந்தன. சாயத்தைப் பிடிக்கவைக்க அலமாரியில் இருந்த ஃபிக்ஸரை எடுத்து ஊற்றினேன். அது தன் வேலையைச் சரியாகச் செய்தது. ஓடி வந்த சாயம் எங்கே நின்றதோ அங்கேயே பிடித்துக்கொண்டது.

காய வைத்துப் பார்த்தேன். காவி வெளிறிப்போயிருந்தது. வெள்ளையில் மேல்பாதி காய்ந்த சோளத்தட்டு நிறம், கீழ்ப்பாதி பாசி நிறம். சக்கரத்தின் நீலம் ஆரத்துக்கு ஆரம் கலங்கி, இருபத்து நான்கை யாராலும் எண்ண முடியாது. கறை மட்டும் சுத்தமாகப் போயிருந்தது. ஒரு பொட்டு இல்லை. என் தொழில் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக நான் எந்தக் கறையையும் எடுத்ததில்லை.

கொடியைக் கையை விட்டு விடாமல் தடியடி வாங்கி உயிரைவிட்ட ஒருவருக்கு நினைவிடம் இருக்கிற ஊர் திருப்பூர். தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போவேன். அன்று வீட்டுக்குச் சுற்றுவழியில் போனேன்.

பத்து நாளும் அக்காவிடம் சொல்லவில்லை. தினமும் போனை எடுப்பேன், வைப்பேன். இப்ராகிம் பாயிடம் பெட்டியை வாங்கப் போனபோது, கொடியைப் பெட்டிக்குள் நானே வைத்துவிடுகிறேன் என்று வேட்டியைப் பிரிக்காமலே நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பெட்டியைத் துடைத்துக் கொடுத்தார். சட்டம் நன்றாக இருந்தது. 

விழாவுக்கு முதல் நாள் சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். கொடியை மடித்துப் பெட்டிக்குள் வைத்து, மேலே வேட்டியைப் போர்த்தியிருந்தேன். விதிப்படி மடித்தால் சக்கரமும் வெள்ளையும் மேலே தெரிய வேண்டும். நான் அந்த விதியை மீறி, தெரியாத மாதிரி மடித்திருந்தேன். அக்கா பெட்டியைத் தடவிப் பார்த்தாள். "நல்லா இருக்குது சாமி" என்றாள். பிறகு மூடியைத் திறந்து, கொடியை வெளியே எடுத்து, யாழினி உட்கார்ந்திருந்த கட்டிலில் விரித்தாள்.

நிறம் போனதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெள்ளையில் கையை வைத்து, அங்கும் இங்கும் தடவித் தேடினாள்.

"கை எங்க?" என்றாள்.

"என்ன கைங்கக்கா? ஒரு கறைதானுங்க இருந்துச்சு, தொவச்சு எடுத்துப்போட்டேன்."

"பாப்பாவோட கை."

நான் டி.வி.க்காரனிடம் பேசிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் வாசலில் நடந்ததை அப்போதுதான் எனக்குச் சொன்னாள். யாழினி அழாமல் இருக்க ஒரு சிப்பாய் அவளுக்குச் சாக்லேட் கொடுத்திருக்கிறான். அதைக் கையில் பிசைந்துகொண்டு நின்றவளை அக்கா தூக்கி, "அப்பாவத் தொட்டுக்க கண்ணு" என்று பெட்டிமேல் குனிய வைத்திருக்கிறாள். பாப்பா கொடியில் கையை அழுத்தி வைத்திருக்கிறாள். துடைக்க வந்த சிப்பாயை அக்காதான் தடுத்திருக்கிறாள். வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும். எனக்கும் தெரியும் என்றுதான் அக்கா நினைத்திருந்தாள்.

"அவரு மூஞ்சிய நாங்க யாரும் பாக்கல. புள்ள தொட்டது அது ஒண்ணுதான்" என்றாள்.

அந்த இடத்தில் ஒரு மனுஷன் என்ன செய்வான்? காலில் விழுவான், அழுவான். நான் விதி சொன்னேன். இருபது பக்கக் குறிப்பு உள்ளே இருந்ததல்லவா, அது வாயைத் திறந்துகொண்டு வந்தது.

"கொடி சேதமானா, தனியா ஒரு எடத்துல வெச்சு மரியாதையா முழுசா எரிச்சுரோணும்னு விதி இருக்குதுங்கக்கா. இத எரிச்சுப்போட்டு, நான் புதுசு ஒண்ணு..."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"அவரத்தான் தொறந்து காட்டாம எரிச்சுப்போட்டீங்க. இதையுமா எரிக்கோணும்?"

 அக்கா கொடியை மடித்தாள், வெள்ளை மேலே தெரிகிற மாதிரி, சரியான முறையில். பெட்டிக்குள் வைத்து மூடினாள். நான் சாப்பிடாமல் படுத்தேன். சாப்பிடு என்று அக்காவும் சொல்லவில்லை. அவளுக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து அந்த வீட்டில் எனக்குச் சோறு போடாமல் இருந்தது அந்த ஒரு நாள்தான்.

காலையில் அக்கா வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து, மச்சான் படத்துக்குக் கீழே மேஜையில் வைத்துவிட்டு, முன்வரிசையில் யாழினியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தாசில்தார் படத்தைத் திறந்தார். பிள்ளைகள் கை தட்டினார்கள். அடுத்து என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

ராட்டை வரைக்கும் தடையில்லாமல் போனேன். சக்கரத்துக்கு வந்தபோது, "இருபத்து நாலு ஆரமுங்க" என்றதும் முன்வரிசைப் பையன்கள் எழுந்து பெட்டிக்குள் எட்டி எண்ண ஆரம்பித்தார்கள். ஏழாவதிலேயே நின்றுவிட்டார்கள்.  காவியைச் சீக்கிரம் சொல்லிக் கடந்தேன். அடுத்தது வெள்ளை.

"வெள்ளை நெறம் உண்மையக் குறிக்குதுங்க" என்றேன். கூட்டம் மொத்தமும் பெட்டியைப் பார்த்தது. அதில் வெள்ளை எதுவும் இல்லை. தாசில்தாரும் சற்றுக் குனிந்து பார்த்தார். பெரிய டீச்சர் பக்கத்து டீச்சரிடம் மெதுவாக, "மழைல நனஞ்சிருச்சோ என்னமோ" என்றது மைக்கில் கேட்டது.

அக்கா மடியிலிருந்து யாழினி கணீரென்று சொன்னாள்: "மழ இல்ல டீச்சர், மாமா தொவச்சுப்போட்டாங்க!"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அது தொற்றிக்கொண்டு வந்தது. பிள்ளைகள், தாய்மார்கள், தாசில்தாரின் டிரைவர் வரைக்கும். எட்டு மாதமாக அந்த வீட்டுப் பக்கம் வந்தால் குரலைத் தாழ்த்திப் பேசிய சனம், பிடித்து வைத்திருந்ததையெல்லாம் சேர்த்துச் சிரித்தது. நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "உண்மைதானுங்க. நான்தான் தொவச்சுப்போட்டேன்" என்றேன். அதற்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள். பச்சைக்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்கு யாருக்கும் நான் சொல்லவில்லை. மேடையிலிருந்து இறங்கும்போது அக்காவைப் பார்த்தேன். அவள் நேராக, மச்சான் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதிலிருந்து வெள்ளகோவில் முதல் காங்கேயம் வரை சொந்தத்தில் நான் "கொடி தொவச்ச மாமா". எனக்குப் பெண் பார்க்கப் போனபோது, நான் போவதற்கு முன்பே கதை போயிருந்தது. பெண்ணோடு தனியாகப் பேசச் சொன்னார்கள். அவள் கேட்டது ஒரே கேள்வி: "கண்ணாலத்துக்கப்புறம் துணி யாருங்க தொவைக்கறது?" நீங்கள் சொல்கிறபடி என்றேன். "நீங்க தொடக் கூடாது, அவ்வளவுதான்" என்றாள். இன்றுவரை எங்கள் வீட்டு வாஷிங் மெஷினின் எந்தப் பட்டன் எதற்கு என்று எனக்குத் தெரியாது. சாயப்பட்டறை லேபில் நான் இப்போது மேனேஜர்.

சில வருஷமாக ஆகஸ்ட் வந்தால் திருப்பூரில் பாலியஸ்டர் கொடி லட்சக் கணக்கில் அச்சாகிறது. சாயம் போகுமா என்று பார்த்துச் சொல்லச் சொல்லி எங்கள் லேபுக்கும் அனுப்புவார்கள். அந்த வாரம் நான் லீவு போட்டுவிடுவேன். என் கீழே இருப்பவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். ஓரத்தில் நனைத்துப் பார்க்கிறார்கள், நல்ல ஆட்கள்.

யாழினி இப்போது கோயமுத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். வீட்டில் விசேஷம் என்று நாலு பேர் கூடினால் இந்தக் கதையைச் சொல்வது அவள்தான். நான் விசில் அடித்ததிலிருந்து தாசில்தார் குனிந்தது வரைக்கும் நடித்துக் காட்டுவாள். அவளுக்கு அப்பாவின் குரல் நினைவில்லை, அவர் வந்த பெட்டி நினைவில்லை, அதில் கை வைத்ததும் நினைவில்லை. அப்பாவின் சாவைப் பற்றி அவளிடம் இருக்கிற ஒரே கதை என் கதைதான். நன்றாகத்தான் சொல்கிறாள். கேட்கிற எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அக்கா மட்டும், கதை நான் லேபைத் திறந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு வரும்போது, "அடுப்புல பால் வெச்சிருக்கறேன்" என்று எழுந்து சமையற்கட்டுக்குப் போய்விடுவாள். போன தீபாவளிக்கு நான் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். அடுப்பு பற்ற வைக்கவே இல்லை. அக்கா அடுப்பு மேடைமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, சிரிப்புச் சத்தம் அடங்குவதற்காகக் காத்துக்கொண்டு நின்றிருந்தாள்.